முந்தானையில் குத்திய ஊசி

சனி, விளக்கு வைக்கிற நேரம்

அம்மா ஜாக்கெட் தைத்துப் பிழைத்தவள். பகலெல்லாம் மிஷின். இருட்டிய பிறகு கொக்கி கட்டுவது, காஜா எடுப்பது என்று கைவேலை. நடுவில் யாராவது கூப்பிட்டால், நூல் கோத்த ஊசியை முந்தானை ஓரத்தில் குத்திக்கொண்டு எழுந்து போவாள். தச்சர் காதில் பென்சிலைச் செருகிக்கொள்வதைப் போலத்தான். பிறகு அது அங்கே இருப்பதே அவளுக்கு நினைவிருக்காது.

ஒரு ஞாயிறு காலை. கோயிலில் முதல் மணி அடித்துவிட்டது. வெள்ளைச் சேலை கட்டித் தலைசீவிக் கிளம்பி நின்றவள், இரண்டாம் மணிக்குள் ஒரு கொக்கியைக் கட்டிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறாள். யாருக்கோ மறுநாள் கல்யாணம். கட்டி முடித்து, வழக்கம்போல் ஊசியை முந்தானையில் குத்திக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். ஆராதனையில் பாவ அறிக்கைக்கு எல்லோரும் முழங்காலிட்டபோது அது முழங்கையில் ஏறியது. "ஆண்டவரே!" என்று சத்தமாகவே கத்திவிட்டாள். பக்கத்தில் இருந்த சித்தி, அக்காவுக்குப் பாவ உணர்வு வந்துவிட்டது என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாளாம். வெள்ளைச் சேலையில் சிவப்பு நூல் தொங்கியதை நான் பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். இதைச் சொல்லிச் சொல்லி அம்மா சாகும்வரை சிரித்தாள்.

ஆனால் அடுத்த சனிக்கிழமையிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊசிகளை எல்லாம் எண்ணி ஒரு பவுடர் டப்பாவில் போடுவாள். முந்தானை ஓரத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வாள். மிஷினின் தலையைக் கவிழ்த்து, மேலே பழைய படுக்கை விரிப்பைப் போர்த்துவாள். தைக்காமல் கிடக்கும் துணிமூட்டையும் அந்த விரிப்புக்குள்ளேயே போய்விடும். அது கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது என்பாள்.

பல வருஷம் கழித்து யூதர்களின் மிஷ்னாவைப் பற்றிப் படித்தேன். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட சட்ட நூல். ஓய்வுநாளில் செய்யக்கூடாத வேலைகள் என்று முப்பத்தொன்பதை அது வகைப்படுத்துகிறது. உழுவது, விதைப்பது, தீ மூட்டுவது, இரண்டு எழுத்து எழுதுவது, இரண்டு தையல் போடுவது. அதே நூலில் இன்னொரு விதி: வெள்ளிக்கிழமை இருட்டப்போகும் வேளையில் தையற்காரர் ஊசியோடு வெளியே போகக்கூடாது, மறந்து அப்படியே ஓய்வுநாளுக்குள் நடந்துவிடுவார். எழுத்தர் தன் எழுதுகோலோடு போகக்கூடாது, காரணம் அதேதான்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். மிஷ்னா என்ற பெயரே அம்மா காதில் விழுந்ததில்லை.

அந்த விதியில் என்னைப் பிடித்து நிறுத்துவது அதன் நேரம். ஓய்வுநாள் இன்னும் வரவில்லை, ஊசி வைத்திருப்பது குற்றமும் இல்லை. ஆனாலும் கொஞ்சம் முன்னாலேயே கையைக் காலி செய்துகொள் என்கிறது. யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை விளக்கை ஏற்றுவது சூரியன் மறைவதற்குப் பதினெட்டு நிமிஷம் முன்னால். எருசலேமில் இன்னும் முந்தி, நாற்பது நிமிஷம். மறுநாள் வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை ஓய்வு. வாசலில் சற்று முந்தி, கொல்லையில் சற்றுப் பிந்தி, இரண்டு பக்கமும் கொஞ்சம் மண் அணைத்துப் பாத்தி கட்டுவது போல.

ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் முயன்றவன் நான். முடிந்ததே இல்லை. போன் ஒலித்த பிறகு எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கும்போதே பாதி ஞாயிறு போய்விட்டிருக்கும். எடுக்காமல் விட்டால் மீதிப் பாதி.

ஞாயிறு, முதல் மணிக்கு முன்

தாத்தாவைப் பற்றி எழுத வேண்டும்.

அவர் பனையேறி. உடன்குடிப் பக்கத்துத் தேரியில், செம்மணலுக்கு நடுவே முப்பதுக்கு மேல் பனை பாட்டம். பனைத்தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பாளையின் நுனியைத் தினமும் காலையும் மாலையும் மெல்லியதாகச் சீவ வேண்டும். சீவினால்தான் பதநீர் சொட்டும். விட்டால் வெட்டுவாய் காய்ந்து பாளை அடைத்துக்கொள்ளும், அந்தப் பாளை அவ்வளவுதான். பங்குனி, சித்திரை, வைகாசி என்று வெயில் ஏறும் காலம்தான் பதநீர்க்காலம். வருஷத்துச் சாப்பாடு அந்தச் சில மாதத்தில் இருக்கிறது. அதில் எத்தனை ஞாயிறு வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் தாத்தாவின் சங்கடம் புரியும்.

உபதேசியார் ஒருவர் அவரைக் கேட்டாராம், ஓய்வுநாளில் பனை ஏறலாமா என்று. தாத்தா சொன்ன பதில் ஊரில் இன்றும் ஓடுகிறது: "பனைக்கும் ஞானஸ்நானம் குடுத்துருங்க ஐயா. அதுவும் ஞாயித்துக்கிழமை ஓஞ்சிரும்."

வேதத்தில் தாத்தாவுக்குச் சாதகமாக எதுவும் இல்லை. உழவுக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும்கூட ஓய்ந்திரு என்று யாத்திராகமம் முப்பத்திநாலாம் அதிகாரம் கறாராகவே சொல்கிறது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தாத்தாவின் கட்சி. 321-ல் அவர் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக்கிச் சட்டம் போட்டபோது, நகரத்தாரும் நீதிபதிகளும் கைத்தொழில் செய்வோரும் ஓயட்டும், உழவர்கள் மட்டும் வேலை செய்துகொள்ளலாம் என்றார். பருவம் தவறினால் விளைச்சல் போகும் என்பதே காரணம். அரசர் விலக்குக் கொடுக்கிறார், ஆண்டவர் கொடுக்கவில்லை. இது எனக்கு இன்றும் நெருடுகிறது.

தாத்தா ஏறினார். ஞாயிறு இருள் பிரியுமுன் திளாப்பு மாட்டி ஏறி, சீவி, இறக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஆனால் ஒன்று செய்யமாட்டார். அன்று பதநீர் காய்ச்சும் விடிலியில் அடுப்பு மூட்டக்கூடாது. ஞாயிற்றுப் பதநீர் கருப்பட்டி ஆகாது. சுண்ணாம்பு தடவிய கலயங்கள் வாசலில் வரிசையாக இருக்கும். கோயிலுக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், யார் வேண்டுமானாலும் பட்டையில் ஊற்றிக் குடிக்கலாம். காசு கிடையாது.

கூலி வாங்காவிட்டால் வேலை வேலையில்லாமல் ஆகிவிடுமா? சிறு வயதில் இதைத் தாத்தாவின் தந்திரம் என்றே நினைத்தேன். கடவுளிடம் செய்துகொண்ட சின்னச் சமரசம்.

எனக்கு நாற்பது வயது தாண்டி, பனைத்தொழில் செய்யும் உறவுக்காரர் வீட்டில் ஒருநாள் முழுக்க இருந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஏறுவது ஆண். காய்ச்சுவது பெண். ஓலை வேய்ந்த விடிலிக்குள், சித்திரை வெயிலில், காய்ந்த மட்டையும் விறகும் தள்ளித் தள்ளிப் பதநீர் கூழாகிப் பாகாகும்வரை கிண்ட வேண்டும். பதம் தப்பினால் கருப்பட்டி உறையாது என்பதால் நடுவில் எழுந்து போகவும் முடியாது. சிரட்டையில் ஊற்றி முடிக்கும்போது உச்சி சாய்ந்துவிடும். புகையில் கண் சிவந்து வெளியே வந்த அந்த அக்காவைப் பார்த்தபோது, என் பாட்டி ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்து சாவகாசமாகப் பாடியது நினைவுக்கு வந்தது.

தாத்தா தனக்கென்று வேலி போட்டுக்கொள்ளவில்லை. பாட்டிக்குப் போட்டார்.

ஞாயிறு, மத்தியானம்

என் வீட்டுக்கு வருகிறேன்.

பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் கட்டளைதான் மிக நீளமான ஒன்று. யார் யார் ஓய வேண்டும் என்று அங்கே ஒரு பட்டியலே இருக்கிறது: நீ, உன் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், உன் வாசல்களுக்குள் இருக்கும் அந்நியன். உபாகமம் எருதையும் கழுதையையும் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. மனைவி என்ற சொல் மட்டும் இல்லை. 'நீ' என்பதில் அவளும் அடக்கம் என்று விளக்குவார்கள். இருக்கலாம். எங்கள் வீடுகளில் அந்த 'நீ' ஆணோடு நின்றுவிட்டது.

கிறிஸ்தவ வீடுகளில் வாரத்திலேயே அடுப்பு அதிகம் எரியும் நாள் ஞாயிறு. ஆராதனைக்கு முன்னால் தேங்காய் துருவி மசாலா அரைத்து வைக்க வேண்டும். வந்த பிறகு கறிக்குழம்பு, வறுவல், ரசம். ஆண்கள் பிரசங்கம் நீளமா சுருக்கமா என்று முற்றத்தில் நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருப்போம். இருபது வருஷம் நான் ஓய்வுநாளை ஆசரித்தது இப்படித்தான். ஒருமுறை மனைவியிடம், "இன்னைக்குச் செய்தி எப்படி?" என்று கேட்டேன். "குக்கர்ல எத்தனை விசில் வச்சேன்னு யோசிச்சிக்கிட்டு இருந்தேன். அடுப்பை அணைச்சேனான்னும் தெரியல" என்றாள். அன்றைய செய்தி மார்த்தாள், மரியாளைப் பற்றியது.

இஸ்ரவேலர் வனாந்தரத்தில் மன்னா பொறுக்கிய கதையில், ஆறாம் நாள் இரண்டு மடங்கு கிடைத்தது. சுடுவதை அன்றே சுட்டு, வேவிப்பதை அன்றே வேவித்து மீதியை வைத்துக்கொள்ளச் சொல்லப்பட்டது. மற்ற நாளில் மீத்து வைத்தால் புழுக்கும். அந்த ஒரு நாள் மட்டும் புழுக்கவில்லை. யூத வீடுகளில் வெள்ளி சாயங்காலமே இறைச்சியும் பயறும் போட்ட பானையை மெல்லிய சூட்டில் ஏற்றிவிடுவார்கள். மறுநாள் மத்தியானம்வரை அது தானாக வெந்துகொண்டிருக்கும்.

நமக்கு மன்னாவும் வேண்டாம், அந்தப் பானையும் வேண்டாம். மீன்குழம்பு இருக்கிறது. முதல்நாள் வைத்த மீன்குழம்புக்கு மறுநாள் வரும் ருசியைப் பற்றித் தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் சனி மாலை மீன்குழம்பு வைக்கிறோம். மீன் கழுவுவதும் உள்ளி உரிப்பதும் என் வேலை. ஞாயிறு மத்தியானம் சோறு மட்டும் பொங்குவோம். அதுவும் நான்தான். குழையவிட்டுவிடுகிறேன். கறி இல்லாத ஞாயிறைப் பையன் முதலில் ஏதோ திருச்சபைப் பிளவு போல எடுத்துக்கொண்டான். இப்போது சமாதானம்.

மனைவி ஞாயிறு மத்தியானம் தூங்குகிறாள். இதை எழுதும்போது உள்ளறையில் மின்விசிறிச் சத்தம் கேட்கிறது.

செவ்வாய், கடையில்

நான் கணக்கு எழுதுவது ஒரு ஜவுளிக்கடையில். அங்கே ஞாயிறுதான் வசூல் நாள். முகூர்த்த மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். எனக்கு ஞாயிறு விடுமுறை உண்டு என்று சேரும்போதே பேசியிருந்தாலும், போனுக்கு விடுமுறை இருந்ததில்லை. மத்தியானம் ஒருமுறை, இரவு கடை சாத்தும்போது ஒருமுறை. மாலை ஆராதனையில் சட்டைப் பையில் அது அதிர்ந்துகொண்டே இருக்கும். என் முந்தானை ஊசி அதுதான்.

அண்ணாச்சியிடம் நேரில்தான் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை மட்டும் போன் எடுக்க மாட்டேன் அண்ணாச்சி."

"அவசரம்னா?"

"கடை தீப்பிடிச்சா வீட்டுக்கு ஆள் விடுங்க. கணக்கு தீப்பிடிக்காது."

சிரிக்கவில்லை. இரண்டு வாரம் கூப்பிட்டுப் பார்த்தார். போன் பீரோவுக்குள் இருந்தது. (வெளியூரில் இருக்கும் மகள் தன் அம்மாவின் போனில் பேசிக்கொள்வாள்.) மூன்றாவது வாரம் கூப்பிடவில்லை.

நெகேமியாவின் புத்தகம் பதின்மூன்றாம் அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். எருசலேமில் ஓய்வுநாளன்று ஆலை மிதிக்கிறார்கள், கழுதைமேல் தானியமும் அத்திப்பழமும் ஏற்றி வருகிறார்கள், தீரு பட்டணத்தார் மீன் கொண்டுவந்து விற்கிறார்கள். நெகேமியா ஒரு காரியம் செய்தார். ஓய்வுநாளுக்கு முன்னால் வாசல்களில் நிழல் விழும்போதே கதவைப் பூட்டச் சொன்னார். காவலுக்கு ஆள் வைத்தார். வியாபாரிகள் இரண்டொரு தரம் மதிலுக்கு வெளியே சரக்கோடு இராத்தங்கிப் பார்த்தார்கள். அவர் எச்சரித்த பிறகு வருவதை விட்டார்கள்.

எல்லைபோடும் யாருக்கும் அந்த 'இரண்டொரு தரம்' உண்டு. வெளியே ஆள் படுத்திருப்பது உள்ளே இருப்பவனுக்குத் தெரியும். பாவம், திறந்துவிடலாமா என்று தோன்றும்.

எனக்குக் கதவைத் தாங்கிப் பிடித்தவர் கடையில் என்னோடு வேலைபார்க்கும் ஒரு பாய். ஞாயிறு வசூலை அவர் எண்ணிக் கட்டிவைக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் அவருடைய மேசையை நான் பார்த்துக்கொள்கிறேன். நாங்கள் பேசி ஒப்பந்தம் போட்டதில்லை, தானாக அமைந்தது.

ஆனால் தளத்தில் நிற்கும் பெண்பிள்ளைகள்? அவர்களுக்குச் சுழற்சி முறையில் வாரம் ஒருநாள் லீவு. செவ்வாய் ஒருத்திக்கு, புதன் ஒருத்திக்கு. அவர்களில் கோயிலுக்குப் போகிற பிள்ளைகளும் உண்டு. வீட்டில் எல்லோரும் இருக்கும் நாளில் இவர்கள் கடையில், இவர்கள் வீட்டில் இருக்கும் நாளில் அங்கே யாரும் இல்லை. உட்காரும் உரிமைக்கே 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. ஞாயிறு என்பது அவர்களுக்கு இன்னும் எட்டாக்கனி.

ஞாயிறு விடுமுறை வெள்ளைக்காரன் கோயில் போவதற்காக விட்டது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு அது தானாக வரவில்லை. நாராயண் மேகாஜி லோகண்டே என்ற தொழிலாளர் தலைவர் வருஷக்கணக்கில் மனுக்கொடுத்து, கூட்டம் கூட்டி, போராடிப் பெற்றார். ஞாயிறு கண்டோபா தெய்வத்துக்குரிய நாள் என்பது அவர் வைத்த வாதங்களில் ஒன்று. 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். வாரத்தின் முதல் நாள் விடுமுறை என்பதை 1948-ன் தொழிற்சாலைச் சட்டமும் எழுதிவைத்தது. மில்லில் ஜெயித்த ஞாயிறு, மில் துணி விற்கும் கடையில் தோற்றுக்கொண்டிருக்கிறது.

சனி, மறுபடி

எரிக் லிடலின் கதையை ஓய்வுநாள் பள்ளியில் எல்லோரும் கேட்டிருப்போம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மறுத்தவர். பிறகு நானூறு மீட்டரில் 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். எங்கள் டீச்சர் அதோடு நிறுத்திவிடுவார். மறுத்தால் கடவுள் வேறொரு தங்கம் தருவார் என்பது போல ஒரு கணக்கு மனதில் தங்கிவிடும். எனக்கு அந்தக் கணக்கு பிடிப்பதில்லை. தங்கம் கிடைக்காமல் போயிருந்தாலும் அவர் மறுத்தது சரிதான்.

கதையின் பின்பாதிதான் எனக்குப் பெரிது. லிடல் மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். போர்க்காலத்தில் ஜப்பானியர் வெய்சியன் என்ற இடத்தில் அவரை மற்ற அந்நியர்களோடு சேர்த்து முகாமில் அடைத்தார்கள். அங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்திக்கொடுப்பது அவர்தான், ஞாயிறு தவிர. ஒரு ஞாயிறு பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லாததால் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடல் விசிலோடு மைதானத்தில் நின்றார். ஒலிம்பிக்குக்காகத் திறக்காத கதவை அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளுக்காகத் திறந்தார். 1945-ல் விடுதலைக்குச் சில மாதம் முன்னால் அந்த முகாமிலேயே இறந்துபோனார்.

அம்மாவின் பவுடர் டப்பாவும் ஒருமுறை சனி ராத்திரி திறந்தது. மறுநாள் காலை முகூர்த்தம். பெண்ணின் அம்மா வாசலில் நின்று அழுதாள், ஜாக்கெட் கை ஏறவில்லை. அம்மா விரிப்பை விலக்கி, பிரித்து, விட்டுத் தைத்துக் கொடுத்தாள். கூலி வாங்கவில்லை. துணை நின்ற இன்னொருத்தி, "அக்கா, அப்படியே இந்தச் சேலைக்கும் பால்ஸ் அடிச்சிருங்க" என்றாள். "அது திங்கக்கிழமை" என்று சொல்லிவிட்டு அம்மா ஊசிகளை எண்ண ஆரம்பித்தாள்.

நெகேமியா மீன்காரர்களை எச்சரிக்கும் முன்னால் கடிந்துகொண்டது யூதாவின் பெரியவர்களை, அதாவது சொந்த ஜனத்தை. வாங்குகிறவன் இருப்பதால்தானே விற்கிறவன் மதிலோரம் படுக்கிறான். கடையில் உதவிக்குப் போன ஒரு கிறிஸ்துமஸ் கால ஞாயிறன்று நான் கண்ணால் பார்த்தது: பதினோரு மணிக்கு மேல் கும்பல் கும்பலாக ஏறி வந்தவர்களில் பாதிப்பேர் என் சபையார். கையில் வேதப்புத்தகமும் பாட்டுப்புத்தகமும். துணியை விரித்துக்காட்டிய பிள்ளை அதே சபையின் பாடகர் குழுவில் இருந்தவள். வேலைக்குச் சேர்ந்தபின் வருவதில்லை. "ஏம்மா கோயிலுக்கே வாறதில்ல?" என்று அவளிடம் ஒரு பெரியம்மா அக்கறையாக விசாரித்துவிட்டு, அடுத்த சேலையை எடுக்கச் சொன்னார்கள்.

ஆராதனை முடிந்து நேராகக் கடைக்கு வராதீர்கள். திங்கட்கிழமை வாருங்கள். அன்று கூட்டமும் இருக்காது, நானும் இருப்பேன்.